தேரை மேல் போட்ட பழி

தேங்காயை உடைத்து உள்ளே பருப்பு இல்லாவிட்டால் "தேரை மோந்துடுச்சு" என்று சொல்லும் வழக்கம் பெண்ணாடம் பக்கம் இன்னும் போகவில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியருக்குக்கூட மெமோ கொடுத்து விளக்கம் கேட்ட பிறகுதான் தண்டனை. தேரைக்கு அந்தச் சலுகை கிடையாது. மகரந்தச் சேர்க்கை சரியில்லாததும், மண்ணில் சாம்பல் சத்தும் போரானும் குறைவதும் ஒல்லிக்காய்க்குக் காரணம் என்று வேளாண்மைத் துறையினர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மழை நாளில் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்பு ஜீவனையும் தேரை என்றே விரட்டுகிறோம். விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் அது மரத்தவளை. நான் படித்த பிரெஞ்சில் தவளை 'கிரெனூய்', தேரை 'கிராப்போ', மரத்தவளை 'ரெனெத்'. தனிப் பெயர் இருந்தால் கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும் போலிருக்கிறது.

இதன் உறவுக்காரத் தவளை ஒன்று திருநெல்வேலிச் சீமையில், களக்காடு முண்டந்துறை மழைக்காட்டில் இருக்கிறது. ஓர் அங்குல நீளம், பளிச்சென்ற பச்சை உடம்பு. 1876-இல் குந்தர் என்பவர் 'சலாசோடஸ்' என்று பெயர் வைத்தார். அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் தகவலே இல்லை. 2011-இல்தான் மீண்டும் கிடைத்ததாக அறிவித்தார்கள்.

2015-இல் கே. எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்வு செய்தவர்களும் அதன் குடித்தனத்தை எழுதினார்கள். நாணல் போன்ற மெல்லிய மூங்கில், மலையாளத்தில் ஈற்ற என்பார்கள், அதன் கணுவிடையில் ஒரு சிறு பிளவு இருந்தால் தவளை உள்ளே நுழைந்துவிடும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். காவல் முழுக்கத் தகப்பனுடையது. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான் வரும். தகப்பன் அகன்றால் வேறு ஆண் தவளை புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும் என்று பிறகு கண்டார்கள். அப்படிப்பட்ட காவல்!

அங்கே புலியின் பெயரால் காடு காக்கப்படுகிறது. அதில் தவளைக்கும் பிழைப்பு. ஆனால் அந்த மூங்கில் கூடைக்கும் பாய்க்கும் காகிதக் கூழுக்கும் வெட்டப்படுகிற மூங்கில். வெட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், கூடை முடைகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தத் தவளை வாழும் மலைகளில், அது முட்டையிடும் மாதங்களில் பிளவு விழுந்த கழிகளை விட்டுவிட்டு வெட்டவேண்டும் என்று அனுமதி உத்தரவில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். இதைவிட அற்ப விஷயங்களுக்கெல்லாம் நாங்கள் மூன்று பக்கம் இணைப்பு தட்டச்சு செய்திருக்கிறோம்.