கேம், கார்டு, கார்ட்டூன், சினிமா... ஒரு கதை உலகம் எப்படி வளர்கிறது? கொடும்பாளூரில் இருக்கும் பதில்

பிக்காச்சுவைத் தெரியாத ஸ்கூல் பிள்ளைகள் நம்ம ஊரில் குறைவு. ஆனால் அது முதலில் கார்ட்டூனாக வரவில்லை, வீடியோ கேமாகத்தான் வந்தது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான 'போக்கிமான்' கேம், அதே ஆண்டில் கார்டு விளையாட்டானது. 1997-ல் டிவி தொடர், 1998-ல் சினிமா, 2016-ல் தெருவில் நடந்தே ஆடும் மொபைல் கேம் என்று வளர்ந்துகொண்டே போனது. இப்படி ஒரே கதை உலகம் பல வடிவங்களில் விரிவதைத்தான் 'பிரான்சைஸ்' என்கிறார்கள். தமிழில் இப்படி ஒன்று ஏன் இல்லை? இருக்க முடியுமா?

ஆர்.பி.ஜி. கேம் என்றால் என்ன?

'ரோல்-பிளேயிங் கேம்' என்பதன் சுருக்கம்தான் ஆர்.பி.ஜி. இதில் நாம் ஒரு பாத்திரமாகவே மாறிவிடுவோம். எந்த வழியில் போவது, யாரை நம்புவது, யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் நம்ம முடிவு. அதற்கேற்பக் கதை மாறும். ஆன்லைன் ரம்மி மாதிரி பணம் வைத்து ஆடும் விஷயம் இல்லை இது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்?

* போக்கிமான்: முதல் கேமில் இருந்த 151 உயிரினங்களில் பிக்காச்சுவும் ஒன்று, அவ்வளவுதான். டிவி தொடர்தான் அதை ஹீரோவின் தோழனாக்கி முன்னால் நிறுத்தியது. அதாவது, கேமில் நடந்ததை டிவியில் அப்படியே திருப்பிச் சொல்லவில்லை.
* ஃபால்அவுட்: 1997-ல் தொடங்கிய அமெரிக்க கேம் வரிசை. 2024-ல் அமேசான் இதைத் தொடராக எடுத்தபோது எந்த ஒரு கேமின் கதையையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே உலகத்தில் புதுக் கதை, புது மனிதர்கள். தொடர் பார்த்தவர்கள் பழைய கேம்களைத் தேடிப்போய் ஆடினார்கள்.
* தி விட்சர்: போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் கதைகள். 2007-ல் கேம் ஆனது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது.

மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. இவர்கள் பல வடிவங்களுக்குக் கொண்டுபோனது ஒரு உலகத்தை. அந்த உலகத்துக்குள் ஒவ்வொரு வடிவமும் ஒரு புதுக் கதவைத் திறந்தது.

சரி, இதுக்கும் புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

திருச்சி - மதுரை சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். இருக்குவேளிர்களின் தலைநகரம். பூதி விக்ரமகேசரி எழுப்பிய மூவர் கோவில் இங்கேதான் இருக்கிறது. தனக்கும் தன் தேவியர் கற்றளி, வரகுணா இருவர் பெயரிலும் அவர் எழுப்பிய மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இது வானதியின் ஊர், பெரிய வேளாரின் ஊர். ஆனால் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர் இன்னொரு கதையில் வந்துவிட்டது.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து மதுரைக்குப் போகிறார்கள். வழியில் சந்திக்கும் மாங்காட்டு மறையோன், கொடும்பையில் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

வலது பக்கம் போனால் வறண்ட நிலம். இடது பக்கம் போனால் திருமால் குன்றம், அதாவது அழகர்மலை. அங்கே ஒரு குகையும், முழுகினால் வெவ்வேறு பலன் தரும் மூன்று பொய்கைகளும் உண்டு. வரோத்தமை என்ற பெண் எதிரே வந்து கேள்வி கேட்பாள். சரியான பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். நடு வழி நல்ல வழிதான், ஆனால் அங்கே காட்டுத் தெய்வம் மயக்கப் பார்க்கும். கோவலன் நடு வழியில் போகிறான். தெய்வம் மாதவியின் தோழி உருவத்தில் வருகிறது. அவன் சுதாரித்துக்கொள்கிறான்.

மூன்று பாதை, வெவ்வேறு ஆபத்து, விடை சொன்னால் திறக்கும் கதவு. இன்றைக்கு ஒரு ஆர்.பி.ஜி. டிசைனர் வரைகிற வரைபடம் கிட்டத்தட்ட இதேதான்!

நம்மிடம்தான் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறதே?

இருக்கிறது. 1950-ல் வாரப் பத்திரிகைத் தொடராகத் தொடங்கி, புத்தகம், மேடை நாடகம், காமிக்ஸ், ஆடியோ புத்தகம், 2022-லும் 2023-லும் இரண்டு பாகச் சினிமா என்று எல்லாம் வந்துவிட்டது. ஆனால் எல்லாவற்றிலும் வருவது அதே வந்தியத்தேவன், அதே பயணம். ஒரே கதையை வேறு வேறு பாத்திரத்தில் ஊற்றிக் குடித்தோம். வானதி ஊரில் எப்படி வளர்ந்தாள்? கொடும்பாளூர்ச் சந்தையில் என்ன விற்றார்கள்? அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

உரிமை யாருக்கு?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. சப்கோவ்ஸ்கி தன் கதையின் கேம் உரிமையை ஆரம்பத்தில் மொத்தத் தொகைக்கு விற்றார். கேம் உலகம் முழுக்க ஓடிய பிறகு, 2018-ல் கூடுதல் பணம் கேட்டார். 2019-ல் புது ஒப்பந்தம் போட்டார்கள். அவருக்காவது கேட்க ஒரு உரிமை இருந்தது.

இங்கே நிலைமை வேறு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அவர் மறைந்தது 1954-ல் என்பதால் 60 ஆண்டுப் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. சிலப்பதிகாரம் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் கேம் செய்யலாம். ஆனால் சினிமாவில் வந்த உடை, செட், இசை, நடிகர் முகம் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. ஆகவே சின்ன டீமுக்கு நல்ல தொடக்கம் புத்தகமும் கல்வெட்டும்தான்.

பொதுச் சொத்து என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்த நிறுவனம் எவ்வளவு சம்பாதித்தாலும் கொடும்பாளூருக்கு ஒரு ரூபாய் தர வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டம் கேட்காததை நாம் கேட்கலாம். கதைக்கு ஆய்வு செய்யும்போது உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுங்கள். கேமுக்குள்ளேயே 'இது கல்வெட்டில் இருப்பது, இது கற்பனை' என்று பிரித்துக் காட்டுங்கள். நந்தினியை நிஜம் என்று நம்பும் ரசிகர்கள் ஏற்கெனவே ஏராளம். விக்ரமகேசரியின் காலத்தைப் பற்றியே வரலாற்று ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லலாம், ஆடுகிறவர்களுக்கு அதுவே ஒரு புதிர்தான்.

எங்கே ஆரம்பிப்பது?

நூறு கோடி பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து டொரண்டோவின் சின்ன ஸ்டூடியோ ஒன்று 2023-ல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. மறு ஆண்டே சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இட்லியும் புட்டும் போதுமானதாக இருந்தது.

கொடும்பாளூரில் மூன்று பாதை இருக்கிறது. முதல் கேமுக்கு அதில் ஒரு பாதை போதும். அது பிடித்துப்போனால் காமிக்ஸ், தொடர், சினிமா எல்லாம் பின்னால் வரும். முதலில் பிரம்மாண்ட சினிமா, பிறகு அதன் பெயரில் ஒரு மொபைல் கேம் என்று தலைகீழாகப் போனால், கிடைப்பது விளம்பரம் மட்டும்தான்.