ஐயத்திற்கும் ஓர் அளவுண்டு

ஆங்கிலத்தில் கட்டுரை வரையும் நம் மாணவர்களிடையே இருவகைக் குறைகளைக் காண்கிறோம். சிலர் அரைகுறைச் சான்றினைக் கொண்டே எதனையும் அறுதியிட்டு உரைத்து விடுகின்றனர். வேறு சிலர் 'மே', 'பாஸிப்ளி', 'பெர்ஹாப்ஸ்' என ஐயச் சொற்களை ஒரே வாக்கியத்தில் அடுக்கி, சொன்னதனைத்தையும் சொல்லாததாக்கி விடுகின்றனர். முன்னதைத் துணிவென்றும் பின்னதைப் பணிவென்றும் கருதுவாருளர். இரண்டும் அளவறியாமையே என்பது நம் கருத்து.

ஐயம் உணர்த்தும் வினையடை, சான்றின் எடையைக் காட்டும் துலாக்கோலின் முள்ளைப் போன்றது. 'பாஸிப்ளி' எனின் நிகழக்கூடும் என்னும் அளவே. 'ப்ராபப்ளி' எனின் நிகழ்வதற்கே வாய்ப்பு மிகுதி. 'அப்பேரண்ட்லி' என்பதோ, அவ்வாறு தோன்றுகிறது, இன்னும் உறுதியாகவில்லை என்பதைக் குறிக்கும்.

சொல் நிற்கும் இடமும் நோக்கற்பாலது. 'பாஸிப்ளி கேனாட்' என்றால் ஒருவேளை இயலாது போகலாம். 'கேனாட் பாஸிப்ளி' என்றாலோ ஒருபோதும் இயலாது! இடம் மாறியதும் ஐயமே உறுதியாகி விடுகிறது.

இதனைச் சிறு பிழையென ஒதுக்குவதற்கில்லை. 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நேர்வதற்குக் 'கருதத்தக்க வாய்ப்பு' உண்டென அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடொன்று கூறிற்று. அத்தொடரின் பொருளை அதனை உருவாக்கியவர்களிடமே ஷெர்மன் கென்ட் வினவியபோது, 20 விழுக்காடு முதல் 80 விழுக்காடு வரை வெவ்வேறு விடைகள் வந்தன. போரா, அமைதியா என்பதை முடிவு செய்வோர் கையில் இத்தகைய சொல் என்ன பயன் தரும்?

ஐ.நா. சார்ந்த காலநிலை அறிஞர் குழு இதற்கு வழி கண்டது. ஒவ்வோர் ஐயச் சொல்லுக்கும் விழுக்காட்டு எல்லை வகுத்தது. புவி வெப்பமடைதலில் மனிதரின் பங்கினை 2001இல் 'லைக்லி' என்றும், 2007இல் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட 'வெரி லைக்லி' என்றும், 2013இல் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்ட 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றும் குறித்தது. 2021இல் ஐயத்திற்கே இடமில்லை என்றது. சான்று வளர வளரச் சொல்லும் வளர்ந்தமை காண்க.

'கொல்' என்னும் இடைச்சொல் ஐயப்பொருள் தரும் என இலக்கணம் வகுத்த தொல்காப்பியத்தைப் பயிலும் நமக்கு இந்நுட்பம் புதிதன்று.

அன்பு மாணவர்களே! எழுதுமுன் சான்றின் வலிமையை எண்ணுக. அதற்கேற்ற ஒரு சொல்லைத் தேர்ந்து உரிய இடத்தில் அமைத்திடுக. அறிந்ததை அறிந்த அளவே உரைத்தல் எழுதுவோர்க்குரிய அறமாகும்.