மேட்டில் டாப் கியரா?

“காரில் ஐந்து பேர் ஏறினால் ஆர்.பி.எம். தானாகக் கூடும், அதைக் குறைக்க மேட்டிலும் டாப் கியரிலேயே போங்கள்” என்கிறார் நண்பர். இரண்டுமே தப்பு.

மேனுவல் காரில் கிளட்ச் வழுக்காதவரை எஞ்சினும் சக்கரமும் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள். டயரின் சுற்றளவு 1.8 மீட்டர், மூன்றாம் கியரில் மொத்த விகிதம் 5 என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,780 சுற்று சுற்றும். ஆள் ஒன்றோ ஐந்தோ, அதே 2,780தான். சுமை ஏறினால், ஆக்சிலரேட்டரை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நண்பர் ஸ்கூட்டர் பழக்கத்தில் பேசுகிறார் போலும். அங்கே பெல்ட் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மேட்டில் வேகம் கூடாமலே எஞ்சின் அலறும். (டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கும் கொஞ்சம் அப்படித்தான்.)

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நான்காம் கியரில் 1,200-க்கு இறக்கிப் பாருங்கள். எஞ்சின் கடகடவென்று தட்டும், கியர் லீவர் கையில் உதறும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி முக்கும். அடி வாங்குவது பிஸ்டனும் பேரிங்கும். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு வாருங்கள்: முள் 2,500-ஐத் தொடும், உதறல் நின்றுவிடும்.