புகைக்குச் சான்றிதழ் உண்டு, பிறேக்குக்கு?

நம்மவர் ஒருவர் பத்துப் பரப்புக் காணி வாங்கப் புறப்பட்டால் என்ன செய்கிறார்? உறுதியை வாங்கிப் பார்க்கிறார். காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் புரட்டுவிக்கிறார். முப்பது ஆண்டுக்கால உரித்து வரலாற்றைச் சட்டத்தரணி ஒருவரிடம் கொடுத்து ஆராய்விக்கிறார். அதே மனிதர் அந்தக் காணியின் விலையை எண்ணிக் கொடுத்துப் பாவித்த மோட்டார் வண்டியொன்றை வாங்கும்போது எதைப் பார்க்கிறார்? வண்டியின் மினுக்கத்தைப் பார்க்கிறார். தரகரின் முகத்தைப் பார்க்கிறார். பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று எஞ்சினின் ஓசையைக் கேட்கிறார். பிறகு கடவுளை நினைத்துக் கையொப்பமிடுகிறார்.

இது அவருடைய பேதைமையன்று. பார்ப்பதற்கு வேறெதையும் இந்நாட்டு அரசு அவருக்கு வைக்கவில்லை. வண்டி யாருக்குச் சொந்தம் என்பதைப் பதிவுப் புத்தகம் சொல்லும். அது எத்தகைய வண்டி என்பதைச் சொல்லும் ஏடு இலங்கையில் இல்லை.

பரிசோதனையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. அதன்கீழ் ஒரு திணைக்களம் உண்டு. வாகனப் பரிசோதகர்கள் உண்டு. பேருந்துக்கும் பாரவூர்திக்கும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் தனியார் மோட்டார் வண்டிக்கு? வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால் போதும். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய இப்புகைப் பரிசோதனை எதை அளக்கிறது? பெற்றோல் வண்டியில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறது. டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை அளக்கிறது. காற்றைக் காப்பது நல்ல காரியமே. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் பிறேக் பிடிக்குமா, சுக்கான் ஒரு பக்கம் இழுக்குமா, அடிச்சட்டம் துருவேறி இற்றுப்போயிருக்கிறதா, விபத்தில் நொறுங்கிய வண்டியை ஒட்டி நிறம் பூசியிருக்கிறார்களா என்பவை அந்தக் கருவிக்குத் தெரியா. ஒரு வண்டி நன்றாக மூச்சுவிடுகிறது என்பதனால், அதற்குக் காலும் கையும் இருக்கின்றன என்று முடிவு கட்டலாமா?

கொம்பனித்தெருவில் இன்று கைமாறும் வண்டி, சில ஆண்டுகளில் வவுனியாவில் கைமாறுகிறது. பின்னர் கிளிநொச்சியில் ஒரு கமக்காரரின் முற்றத்துக்கு வந்து சேருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வண்டியின் வயது கூடுகிறது. ஓடுதூரமானியிலுள்ள எண்ணும் கூடியே தீரும் என்பதற்கு மட்டும் யாதோர் உத்தரவாதமும் இல்லை. கொழும்பு உத்தியோகத்தர் கழித்துவிட்ட குறைகளையெல்லாம் விலைகொடுத்து வாங்குபவர், நெல் விற்ற பணத்தோடு வரும் கமக்காரரே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இந்த ஐந்தாண்டுகளில், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் பழைய வண்டிகள் விற்கப்பட்டதை நாடே கண்டது. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டியின் நம்பகத்தன்மையைச் சோதிக்க ஏற்பாடு செய்வதே அரசின் முதற் கடமையாக இருந்திருக்க வேண்டும். அதை எந்த அமைச்சரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம்முடைய பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டுக்குரியது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. தரத்தைப் பற்றி அது அளிக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் வியாபாரியிடம் வாங்குபவருக்கே உரியது. அயலவரிடமோ தனியாரிடமோ வாங்கியவருக்கு அன்று. வியாபாரியிடம் வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவர் பரிகாரம் கேட்க முடியாது. இதன் பொருளை வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். அரசு சோதிக்காது, வாங்குபவரையே சோதிக்கச் சொல்லும். அவர் தம் கண்ணால் சோதித்துவிட்டு நீதிமன்றம் வந்தால், “நீதான் பார்த்தாயே!” என்று சட்டம் சொல்லும். இதைவிடக் கொடிய பொறி வேறுண்டோ?

அந்தச் சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து இன்று எங்கே நிற்கிறது? 1960ஆம் ஆண்டில் அங்கே பழைய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை வந்தது. முதலில் பத்தாண்டு நிரம்பியவற்றுக்கு. 1967இலிருந்து மூன்றாண்டு நிரம்பியவற்றுக்கு. இன்று ஒரு வண்டியின் பதிவிலக்கத்தை அறிந்த எவரும், அது எந்தச் சோதனையில் தேறியது, எதில் தவறியது, என்ன குறை கண்டார்கள், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பவற்றைச் செப்புக் காசு செலவின்றிப் பார்க்கலாம். அவர்கள் முன்னே போய்விட்டார்கள். நாம் அவர்கள் விட்டுச்சென்ற பிரதியைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெர்மனி இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே ‘டியூவ்’ எனப்படும் சோதனை நிறுவனங்கள் இலட்சக்கணக்கான சோதனைகளின் முடிவுகளை வண்டியின் வகைவாரியாகத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. 2023 நவம்பரில் வந்த அறிக்கையில், இரண்டு மூன்று வயதுடைய வண்டிகளுள் டெஸ்லா மொடல் 3 வகையில் 14.7 சதவீதத்திற் பாரிய குறைகள் காணப்பட்டன. வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஸ்போர்ட்ஸ்வான் வகையிலோ 2 சதவீதமே. பெரிய பெயரும் பெரிய விலையும் நல்ல பிறேக்குக்குப் பிணையல்ல என்பதை அந்நாட்டுத் தொழிலாளியும் ஒரு பத்திரிகையைப் புரட்டி அறிந்துகொள்கிறான்.

இத்தகைய எண்களைக் கண்மூடி நம்பலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்பு எரியாத வண்டியும் பிறேக் பிடிக்காத வண்டியும் ஒன்றல்ல. வாடகைக்கு ஓடி இளைத்த வண்டியையும் ஞாயிறுதோறும் கோயிலுக்கு மட்டும் போய்வந்த வண்டியையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. பராமரிக்கும் கை எத்தகையது என்பதும் முடிவிலே தெரியும். ஆகையால் வயது, ஓடிய தூரம், குறையின் தன்மை ஆகிய மூன்றையும் பிரித்தே எண்களை வெளியிட வேண்டும். அவ்வாறு வெளியிட்டால், ஆயிரம் தரகரின் வாக்கினும் அந்த ஓர் அட்டவணை மேலானது.

நமது கோரிக்கைக்கு இரண்டு தடைகளைச் சொல்வார்கள். முதலாவது: “இன்னொரு சான்றிதழ் வந்தால் இலஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும்.” இந்த அச்சம் நியாயமானது. ஆனால் இலஞ்சம் இருட்டில் வளரும் பயிர். எந்த நிலையம் எத்தனை வண்டிகளைச் சோதித்தது, எத்தனையைத் தவறவைத்தது என்பது மாதந்தோறும் வெளியானால், வந்த வண்டிகளையெல்லாம் தேறவைக்கும் நிலையத்தை அதன் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். மறைத்துவைக்கும் சான்றிதழ்தான் விலைக்குப் போகும்.

இரண்டாவது: “பழைய வண்டியை நம்பிப் பிழைக்கும் ஏழை விவசாயி என்ன செய்வான்?” ஏழைக்காக இரங்குவோரை நாம் வரவேற்கிறோம். ஆனால் பழுதான பிறேக் ஏழையையும் அவன் பிள்ளையையும் பார்த்துத் தயவு காட்டுமா? சிறு குறைக்குத் தவணை கொடுக்கட்டும். உயிருக்கு ஆபத்தான குறையுடைய வண்டியை மட்டும் நிறுத்தட்டும். கட்டணம் குறைவாக இருக்கட்டும். சோதனை நிலையம் கொழும்பைச் சுற்றியே நின்றுவிடாமல் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இருக்கட்டும். சான்றிதழும் குறைப் பட்டியலும் தமிழிலும் வரட்டும். 1987இல் 13ஆம் திருத்தமும் 1988இல் 16ஆம் திருத்தமும் வந்தபின் இதனைச் சலுகையென்று எவரும் சொல்ல முடியாது, இஃது உரிமை.

அரசு விழிக்கும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அரசின் பொதுப்பணியை ஒப்பந்தத்தின்மேல் செய்யும் தனியாரும் அப்பணியளவில் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். எந்த வகை வண்டிகள், எந்த வயதில், எத்தனை புகைப் பரிசோதனையில் தவறின என்று மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தை எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானம் தெரிவிக்க வேண்டும். வண்டி வாங்கும்போது, ஓடிய தூரத்தையும் விபத்து வரலாற்றையும் விற்பவரைக் கொண்டு எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். “உள்ளது உள்ளபடி ஏற்றேன்” என்ற வாசகத்தின் கீழ் ஒருபோதும் கையெழுத்து வையாதீர்கள். வியாபாரி தந்த உத்தரவாதம் பொய்த்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். நாட்கள் கடந்தபின் வழக்கறிஞரிடம் வந்து பயனில்லை.

நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி. இறக்குமதி வரியை எத்தனை வீதம் ஏற்றுவது, எத்தனை வீதம் இறக்குவது என்று சபையில் வாதாடும் நீங்கள், அந்த வரியையும் செலுத்தி வண்டி வாங்கிய மனிதனுக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? வரி வாங்கும் அரசு தரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். புகைக்குச் சான்று கேட்கும் அரசிடம் பிறேக்குக்குச் சான்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்த உரிமையை அடுத்த கூட்டத்தொடரிலேயே சபையில் எழுப்புங்கள். எழுப்பாதவர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, அவர்களையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க மக்களுக்குத் தெரியும்.