சங்கும் குளியாளும்

சென்ற மாதம் கிடைத்த நான்கு நாள் விடுமுறையில், இரயில்வே வழங்கும் இலவசப் பாஸைப் பயன்படுத்திக் குடும்பத்துடன் சௌராஷ்டிரக் கடற்கரைப் பக்கம் சென்று வந்தோம். சோமநாதரைத் தரிசித்துவிட்டு, வேராவலிலிருந்து கோடினார், ஊனா வழியாகப் பேருந்தில் டையூத் தீவை அடைந்தோம். அங்குள்ள கோட்டையையும் மாதா கோயில்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம். நாகவாக் கடற்கரைக்குச் செல்லும் சாலையிலுள்ள சிறியதொரு சங்கு சிப்பி அருங்காட்சியகத்தைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம்.

வணிகக் கப்பலில் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பல துறைமுகங்களிலும் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்த சேகரம் அது. அளவில் பெரிய வீட்டுக் கூடம் போன்றதே. ஆயினும் வேறெங்கும் நாம் காணாத ஒரு வசதி அங்கே உண்டு. சிப்பிகளின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடிகளை அமைத்திருக்கிறார்கள். நெல்மணி அளவே உள்ள ஒரு சிறு சங்கு, அதன் வழியே நோக்குங்கால், வரியும் முள்ளும் வண்ணமுமாகக் கோயில் விமானம்போல் எழுந்து நிற்கிறது. குழந்தைகள் அவ்விடத்தைவிட்டு நகர மறுப்பதில் வியப்பில்லை.

நம் மகள் அகமதாபாத்திலே பிறந்து வளர்ந்தவள். சோழியைக் கண்டதும், "கோடி, கோடி!" என்று கூவினாள். குஜராத்தியில் சோழிக்குப் பெயர் கோடி. மாதக் கடைசியில் நம் வீட்டில் ஒலிக்கும் ஒரே கோடி அதுவாகத்தான் இருக்கும்! பிறகு ஒவ்வொன்றையும் சுட்டி, "அப்பா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்கத் தொடங்கினாள். தூத்துக்குடிக் கடலோரத்தில் பிறந்தமையால் சிலவற்றிற்கு விடை சொல்ல முடிந்தது. முத்துச்சிப்பி, யானைமுள்ளி, ஐவிரல் சங்கு. இவற்றுள் கடைசியாகச் சொன்னதை அவள் விரல்விட்டு எண்ணி, ஐந்துக்கு மேல் இருக்கின்றனவே என்றாள். பெயரிட்ட முன்னோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

வெண்மையாக மின்னும் ஒரு சங்கின் முன்னே நெடுநேரம் நின்றோம். கடலிலிருந்து வரும்போது சங்கு வெள்ளையாக இராது என்பதை உள்நாட்டார் பலர் அறியார். பழுப்பு நிறத் தோல் ஒன்று அதனை மூடியிருக்கும். பார்ப்பதற்குச் சேறு படிந்த கல்லேதான். சதையை அகற்றித் தோலைத் தேய்த்து எடுத்த பின்னரே வெண்மை வெளிப்படும். சங்குகளைக் குவித்துச் சதை அழுகவிடும் கிடங்குகளின் நாற்றம் நமது இளமையில் தெரு முழுவதும் வீசும். அந்த நாற்றத்தினூடேதான் பள்ளிக்குச் சென்றோம். கடற்கரையில் 'சங்குப்பூ' என்று நாங்கள் பொறுக்கி விளையாடிய, ஆட்டுக்கொம்புபோல் முறுக்கிய பொருள் பூவன்று. சங்கு தன் முட்டைகளை அறை அறையாக இட்டு வைக்கும் கூடு.

வலம்புரி பற்றியும் ஒரு வார்த்தை. நாம் வலம்புரி என்று போற்றுவதை விஞ்ஞானிகள் இடப்புறம் சுழல்வது என்பர். இதில் எவரும் பிழைபடவில்லை. அவர்கள் சங்கின் கூர்முனையை மேலே வைத்து நோக்குகிறார்கள். நாம் அம்முனையைக் கீழே வைத்து நோக்குகிறோம். தலைகீழாகத் திருப்பினால் இடம் வலமாகிவிடும் என்பதை மகளுக்கு ஒரு சங்கின் படத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினோம்.

அருங்காட்சியகச் சீட்டுகளில் பெயர் இருந்தது. பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து பழகிய நமக்கோ, ஒரு பொருளைக் கண்டால் அனுப்பியவர் யார் என்று பார்க்கத் தோன்றும். இதனைக் கடலுக்கு அடியிலிருந்து எடுத்தவன் யார்?

நமது பாட்டனார் குளியாள். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பில் இளைஞராக இறங்கியவர். 1961க்குப் பின் அத்தகைய பெரிய முத்துக்குளிப்பு அங்கே நடைபெறவில்லை. டையூவில் போர்ச்சுகீசியர் ஆட்சி முடிந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை அங்கே படித்தபோது அவர் நினைவே வந்தது. அதன்பின் அவர் சங்கு குளிப்பதையே தொழிலாகக் கொண்டார். காலிலே கல்லுடன் கடலில் இறங்குபவனின் கயிற்றை மைத்துனன் பிடிப்பதே வழக்கம் என்பார். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்பது அதன் உட்பொருள்.

பத்துப் பாகம் ஆழம் என்றால் ஏறத்தாழ 18 மீட்டர். அங்கே உடலை அழுத்தும் பாரம் கரையில் உள்ளதைப்போல் மும்மடங்கிற்குச் சற்றே குறைவு. அவ்வழுத்தத்தில் முதலில் கெடுவது செவிப்பறை. பாட்டனாருக்கு வலக்காது முற்றிலும் கேளாது. சிறுவராகிய நாம் ஒரு சங்கைக் கொண்டுபோய் அக்காதில் வைத்து, "தாத்தா, கடல் கேட்கிறதா?" என்போம். "நன்றாய்க் கேட்கிறது, ஐயா" என்பார். அவர் ஒருநாளும் இடக்காதிற்கு அதை மாற்றி வைத்ததில்லை. சங்கினுள் கேட்பது கடலும் அன்று. சுற்றுப்புற ஓசையே அதன் குடைவினுள் அதிர்ந்து பெருகி ஒலிக்கிறது.

அவர் எடுத்த சங்குகள் பெரும்பாலும் வங்காளத்திற்குச் சென்றன. அங்கே மணமான மாதர் அணியும் வெள்ளை வளையல் சங்கை அறுத்துச் செய்வது. நம் ஊரின் பொருள் நமக்கு முன்னரே வடக்கே குடியேறிவிட்டது. நாம் இன்று வாழும் குஜராத்திற்கும் இத்தொழில் புதிதன்று. கட்ச் வளைகுடாவை ஒட்டிய நாகேசுவரத்தில், நாலாயிரம் ஆண்டுகட்கு முன், சிந்துவெளி மக்கள் சங்கை அறுத்து வளையல் செய்த பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கும் ஒருவன் நீரில் இறங்கியிருப்பான். அவனுடைய காதுகளைப் பற்றி எந்த ஏடும் பேசவில்லை.

இவற்றை மகளிடம் சொன்னோம். அவள் உருப்பெருக்கியை விட்டு விலகி, "தாத்தாவின் தாத்தாவா?" என்றாள். "இல்லை, அப்பாவின் தாத்தா" என்றோம். அதன்பின் ஒவ்வொரு சங்கிடமும், "உன்னை எடுத்தது யார்?" என்று குஜராத்தியில் கேட்டுக்கொண்டே சென்றாள். காவலர் சிரித்தார்.

கடற்கரைகளில் சங்கு சிப்பி விற்கும் கடைகளுக்குச் செல்வோருக்கு ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001இல் சில சங்கு, சிப்பி இனங்களும் சேர்க்கப்பட்டன. ஆதலால் விசாரித்து அறியாமல் வாங்க வேண்டா. நாம் ஒன்றும் வாங்கவில்லை.

நமது சங்கத்துக் குடும்பங்களில் இராமேசுவரம், கீழக்கரை, வேம்பாறு, மணப்பாடு முதலிய ஊர்களிலிருந்து வந்தோர் பலர் உளர். உங்கள் இல்லத்து முதியோர் வழங்கும் சங்கு, சிப்பிப் பெயர்களையும், அவற்றை எடுத்தோரைப் பற்றி அவர்கள் நினைவில் உள்ளவற்றையும் எழுதியனுப்ப வேண்டுகிறோம். அஞ்சலட்டை போதும். மணிநகர் அன்பர் ஒருவர் தம் அன்னையாரிடம் கேட்டு ஏழு பெயர்களை ஏற்கெனவே தந்துவிட்டார். அவற்றுள் இரண்டு நாமே அறியாதவை.