மூன்றாவது வாசல்: கறுப்பின வெறுப்பும் சாதியப் படிக்கட்டும்

காட்பாடியிலோ வேலூர் பழைய பேருந்து நிலையத்திலோ ஓர் ஆப்பிரிக்க மாணவர் நடந்து செல்லும்போது நிகழ்வதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். தேநீர்க் கடையில் பேச்சு நிற்கும். ஒருவர் கைபேசியை உயர்த்திப் படமெடுப்பார். இன்னொருவர், அவருக்குத் தமிழ் புரியாது என்ற துணிச்சலில், ஒரு சொல்லை உரக்கச் சொல்வார், சுற்றியிருப்போர் சிரிப்பார்கள். அண்மையில் அவ்வாறு சிரித்த இளைஞர் கூட்டத்தில் ஒருவரின் சட்டையில் அண்ணல் அம்பேத்கரின் படம் இருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சட்டைதான்.

இந்தியாவில் ஆப்பிரிக்கர்கள் மீது நடந்த தாக்குதல்களைப் பேசும்போது நாம் வழக்கமாக வடக்கையும் பெருநகரங்களையும் சுட்டுவோம். 2014 சனவரியில் தில்லியின் கிர்க்கி பகுதியில் ஒரு மாநில அமைச்சரே முன்னின்று ஆப்பிரிக்கப் பெண்களின் வீடுகளுக்கு நள்ளிரவில் ஆட்களைத் திரட்டிச் சென்றார். 2016 சனவரியில் பெங்களூரில், யாரோ ஒரு சூடான் நாட்டவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்ததற்காக, அவ்விபத்துக்குத் தொடர்பே இல்லாத தான்சானிய மாணவியைக் கும்பல் அடித்து ஆடையைக் கிழித்தது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு மாணவரின் மரணத்தையொட்டி, நைஜீரியர்கள் நரமாமிசம் உண்பவர்கள் என்ற வதந்தி பரப்பப்பட்டு, கண்ணில் பட்ட ஆப்பிரிக்கர்கள் தாக்கப்பட்டனர்.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. இந்தியாவில் நிறவெறி இல்லை என்று தொலைக்காட்சியில் வாதாடிய பாஜகவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் தருண் விஜய், நாங்கள் நிறவெறியர்கள் என்றால் தமிழர், மலையாளி, கன்னடர், ஆந்திரரோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம் என்று கேட்டார். தமிழ்நாடு கொதித்தது, அவர் மன்னிப்புக் கோரினார். ஆனால் அந்தக் கொதிப்பில் பெரும்பகுதி, எங்களை எப்படிக் கறுப்பர் என்று சொல்லலாம் என்பதாகவே இருந்தது. ஆப்பிரிக்கர்கள் ஏன் அடிக்கப்பட்டார்கள் என்ற கேள்வி அதில் காணாமல் போயிற்று.

இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது? வெள்ளையன் விட்டுச் சென்றது என்பது எளிய விடை. அதில் உண்மை உண்டு. இனங்களைத் தரம் பிரித்த ஐரோப்பியக் கோட்பாடு, 1975 முதல் நம் வீட்டு அலமாரிகளில் இடம்பிடித்த சிவப்பழகுக் களிம்பு, வெளிறிய கதாநாயகியரையே தேடி அலையும் தமிழ்த் திரைப்படம் எல்லாம் அதற்குச் சான்றுகள். ஆனால் கறுத்த பார்ப்பனரையும் வெளுத்த பறையரையும் நம்பக் கூடாது என்று சொல்லும் நம் ஊர்ப் பழமொழியை எந்த வெள்ளையனும் இயற்றித் தரவில்லை. அப்பழமொழியைச் சற்று உற்று நோக்க வேண்டும். சாதிக்கு நிறம் உண்டென்று அது நம்ப விரும்புகிறது. உண்மையில் நிறம் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை என்பதும் அதற்குத் தெரிகிறது. ஆகவே விதிக்குப் பொருந்தாதவரை ஐயத்துக்குரியவர் ஆக்குகிறது. தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமன்று என்று அம்பேத்கர் 1948இல் விரிவாக நிறுவினார். நம்மிடையே நிறம் என்பது சாதியைப் படிக்க உதவும் குறுக்குவழி மட்டுமே. அந்தப் படிக்கும் பழக்கத்தோடுதான் நாம் ஆப்பிரிக்கரையும் பார்க்கிறோம்.

இதை விளங்கிக்கொள்ள வடார்க்காட்டிலிருந்து கப்பல் ஏறியவர்களின் கதைக்குச் செல்ல வேண்டும்.

1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களை உள்ளடக்கிய அன்றைய வடார்க்காடு, ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயர், ஊர், தாலுகா, சாதி எல்லாம் எழுதப்பட்டன. பறையர் என்ற பதிவு அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களும் இதே சேரிகளின் பிள்ளைகள்.

வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கு இவ்வளவு தொலைவிலிருந்து ஆட்கள் ஏன் தேவைப்பட்டனர்? அருகிலேயே சூலு மக்கள் இருந்தனர். ஆனால் அவர்களிடம் இன்னும் நிலமும் மாடும் எஞ்சியிருந்தன. அற்பக் கூலிக்குக் கரும்பு வெட்ட அவர்கள் உடன்படவில்லை. எனவே ஆப்பிரிக்கர் சோம்பேறிகள் என்று வெள்ளையர் எழுதினர். பண்ணையை விட்டு வெளியேறிய நம் முன்னோரைப் பற்றி மிராசுதாரர்கள் சொன்னதும் இதே சொல்தான். ஒரு மக்களின் மறுப்பை முறியடிக்க இன்னொரு மக்களின் பசி பயன்படுத்தப்பட்டது.

இனி டர்பன் அஞ்சலகத்துக்கு வருவோம். அங்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, மற்றொன்று ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும். 1894இல் காந்தியின் முயற்சியால் உருவான நேட்டால் இந்தியக் காங்கிரஸ் இதை எதிர்த்து மனு அளித்தது. ஆப்பிரிக்கரோடு ஒரே வாசலில் நுழைவது இழிவு என்பதே அதன் குறை. மனு ஏற்கப்பட்டது. வெள்ளையருக்கும் ஆசியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் தனித்தனியாக மூன்று வாசல்கள் அமைந்தன. 1895இல் அச்சங்கம் தன் அறிக்கையில் இதைத் தன் வெற்றிகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

கவனியுங்கள்: பிரிவினை ஒழிய வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. இன்னொரு வாசலைக் கேட்டார்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருக்கட்டும், எனக்கு மட்டும் மேல் குவளையில் கொடு என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயரிட்டது இதைத்தான். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மேலே பார்த்துக் குமுறக் காரணம் உண்டு. கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலும் உண்டு. அந்த ஆறுதல் இருக்கும்வரை படிக்கட்டு சாயாது.

காந்தியை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அவருடைய தொடக்க கால எழுத்துகளில் ஆப்பிரிக்கரைக் குறிக்கும் இழிசொல் விரவிக் கிடக்கிறது. அதைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் 2018 இறுதியில் கானா பல்கலைக்கழகத்திலிருந்து அவர் சிலை அகற்றப்பட்டது. அதே இழிசொல்லின் உறவுச் சொல்லான காப்பிரி, போர்த்துக்கீசியர் வழியே வந்து நம் தமிழ் அகராதிகளிலும் குடியிருக்கிறது. நேட்டால் இந்தியக் காங்கிரஸின் ஆண்டுச் சந்தா 3 பவுண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். அவருடைய ஆறு மாதச் சம்பளம் ஓராண்டுச் சந்தாவுக்குச் சமம். மூன்றாவது வாசலைக் கேட்டவர்கள் வணிகர்கள். வடார்க்காட்டுக் கூலிகளைக் கேட்டு அந்த மனு எழுதப்படவில்லை. ஆனால் வாசல் திறந்தபின் அவர்களும் அதன் வழியாகவே நுழைந்தார்கள். கசப்பான உண்மை இதுதான்: நாம் கேட்காமலே கிடைத்த ஒரு படியிலும் நம்மால் வசதியாக நிற்க முடிகிறது.

அதன் விலையை டர்பன் இருமுறை செலுத்தியது. 1949 சனவரியில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரத்தில் 142 பேர் மாண்டனர். 2021 சூலையில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் என்ற இந்தியர் குடியிருப்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 36 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அதை நம் மாணவர்கள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை. 1969இல் ஸ்டீவ் பிகோவும் தோழர்களும் தொடங்கிய தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு, கறுப்பர் என்ற சொல்லுக்கு நிறத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அதை எதிர்த்து ஒன்றாக நிற்பவர் எவரும் கறுப்பரே என்றது. ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய வம்சாவளி இளைஞர்கள் தம்மை ஆசியர் என்று சொல்ல மறுத்துக் கறுப்பர் என்றனர்; அதற்காக ராபன் தீவுச் சிறையில் ஆண்டுகளைக் கழித்தனர். தமக்கென்று கட்டித் தரப்பட்ட வாசலை விட்டு அவர்கள் வெளியே வந்தார்கள்.

இங்கே, நம் தோல் மண்டலத்தில், அந்த வாசல் எப்படி இருக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையின் தோல் ஷாப்புகளுக்கு ஆப்பிரிக்கா புதிய பெயரன்று. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட இத்தொழிலுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நேட்டாலிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்து இறங்கியது. கரும்புக்கு நம் ஆட்கள் போன கடல் வழியே பட்டை திரும்பி வந்தது என்று சொல்லலாம். ஆனால் நாம் பேச வந்தது மரப்பட்டையைப் பற்றி அன்று, நாற்றத்தைப் பற்றி.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து, மயிர் நீக்கி, சதை நீக்கும் ஈரவேலையைத் தலைமுறைகளாகச் செய்தோர் பெரும்பாலும் தலித்துகள். வேலை முடித்துப் பேருந்தில் ஏறும் தொழிலாளியின் அருகே இருக்கை காலியாகவே இருப்பதை இவ்வட்டாரத்தில் வளர்ந்த எவரும் அறிவர். அந்த வேலை தந்த மணத்தை அந்த மனிதரின் பிறவி மணமாக்குவதுதான் சாதி. காட்பாடியில் ஆப்பிரிக்க மாணவருக்கு வீடு மறுப்பவர் என்ன காரணம் சொல்கிறார்? அவர்கள் சமையல் நாறும். அவர்கள் உடம்பு நாறும். இரவில் கூச்சல் போடுவார்கள். காலனிப் பிள்ளைக்கு அதே வீட்டை மறுத்தபோது சொன்ன காரணம், சைவர்களுக்கு மட்டும். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றபோது எழுந்த எதிர்ப்பும், பின்னர் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டதும் நினைவிருக்கும். மூக்கைச் சுளிப்பது எவ்வளவு எளிதாக ஓர் ஆணையாக மாறுகிறது என்பதை அன்று நாம் கண்டோம்.

இப்போது படிக்கட்டு இன்னும் நீண்டுவிட்டது. 2015 சனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நாம் விட்டு விலகத் தொடங்கிய ஈரவேலை அவர்கள் கைக்குப் போயிற்று. நம்மீது ஒட்டப்பட்ட நாற்றமும் அழுக்கும் வடக்கன் என்ற பெயரில் அவர்கள்மீது ஒட்டப்படுகின்றன. அதை ஒட்டுவோரில் நாமும் இருக்கிறோம். ஆப்பிரிக்க மாணவர் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்.

நம் இயக்கத்தின் மரபு இதற்கு நேர் எதிரானது. 1873இல் சோதிராவ் பூலே தம் குலாம்கிரி நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களின் சார்பிலும் அத்தகைய மனு ஒன்றை அளிக்க அவர் எண்ணியிருந்தார். அதே ஆண்டு இந்திய அரசு, தென்னாப்பிரிக்க இந்தியர்கள் இழிவுபடுத்தப்படுவதாக அதே அவையில் முறையிட்டது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டனர். அப்பெயர் பின்னர் மதுரை வழியாக வடார்க்காட்டுச் சேரிகளுக்கும் வந்தது.

2001இல் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு டர்பனில் கூடியது. சாதியையும் அங்கு பேச வேண்டும் என்று கோரி தலித் செயற்பாட்டாளர்கள் பறைகளோடு சென்றனர். அன்றைய இந்திய அரசு, சாதி என்பது இனம் அன்று, அது உள்நாட்டு விவகாரம் என்று சொல்லித் தடுத்தது. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. ஒருவேளை நம் கொள்ளுப் பாட்டன் கப்பலிலிருந்து இறங்கிய அதே ஊரில், நம் துயரத்துக்குத் தனி வாசல்கூடக் கிடைக்கவில்லை. அன்று நமக்குத் துணை நின்றவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர்.

சட்டம் என்ன சொல்கிறது? வீடு மறுக்கப்படும் தலித் மாணவருக்கு ஏட்டளவிலேனும் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆப்பிரிக்க மாணவருக்கு அதுவும் எட்டுவதில்லை. அரசமைப்பின் 15ஆம் உறுப்பு இனத்தையும் சாதியையும் ஒரே வரிசையில் வைத்துப் பாகுபாட்டைத் தடை செய்தாலும், அது குடிமக்களுக்கு மட்டுமே. ஆனால் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பில் குடிமகன் என்ற சொல் இல்லை; சாதியின் பெயரும் இல்லை; எந்த வடிவிலும் தீண்டாமை கூடாது என்பதே அதன் ஆணை. 2018 செப்டம்பரில் சபரிமலை வழக்கில் நீதிபதி சந்திரசூட் தம் தனித் தீர்ப்பில் அவ்வுறுப்பைச் சாதிக்கு அப்பாலும் விரித்துப் பொருள் கொண்டார். உடம்பு நாறும் என்று சொல்லி ஒருவருக்கு வீட்டை மறுப்பது தீண்டாமை இல்லையென்றால் வேறென்ன என்று அதே உறுப்பின் கீழ் வாதிட இடமிருக்கிறது. வேலூர் அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் தம் மாதிரி நீதிமன்றத்தில் எடுத்துப் பார்க்கத் தக்க வழக்கு இது. வாதியாக, காட்பாடியில் வீடு தேடி அலையும் ஒரு மாணவர் போதும்.