தோற்றவர் யார்?

அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேண் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணி 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 போட்டிகளில் தோற்றது. 1981 நவம்பரில், 29ஆவது தோல்வியன்று, மாணவர் மைதானத்தினுட் புகுந்து, நாமே மிகக் கேடானவர் என ஆர்ப்பரித்துக் கோல் கம்பங்களைப் பிடுங்கினர்.

இதனை நகைச்சுவையுணர்வின் முதிர்ச்சி எனப் போற்றுவோர் உளர். அந்த 'நாம்' என்னும் சொல்லையே யாம் மறுக்கின்றோம். அவ்வாட்டம் நம்மவர் ஆடும் உதைபந்தாட்டமன்று. உடலோடு உடல் மோதுவது. அன்று 61க்கு 14 என அடிபட்டவர் ஆடிய மாணவரே. கூவியவர் மேனியிற் கீறலும் இல்லை. கல்வியில் உயர்ந்த எமக்கு ஆட்டத்திற் தோல்வியும் ஓர் அணிகலனே என்ற செருக்குத்தான் அங்கு பணிவு வேடம் புனைந்தது. அவ்வணிகலனுக்கு விலை கொடுத்தோரை எவர் கேட்டனர்?

1982 செப்ரெம்பரில் அணி வென்றபோதும் மாணவர் கம்பங்களையே பிடுங்கினர்.